பியானோ என்ன, சான்றிதழ் அச்சடிக்கும் பொறியா?



2021-ஆம் ஆண்டில் நம் நாட்டில் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டது. மறு ஆண்டில் பிடி3 தேர்வும் நீக்கப்பட்டது. "எத்தனை ஏ?" என்னும் கேள்வி இனிப் பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுக்காது என்று நம்மில் பலர் மகிழ்ந்தோம். ஆனால், அந்தக் கேள்வி சாகவில்லை. வேறு வீடு பார்த்துக் குடிபோயிருக்கிறது. இன்று அது குடியிருக்கும் இடங்களுள் ஒன்று, நம் வரவேற்பறைகளில் சுவரோரமாக நிற்கும் பியானோ.

"உங்கள் மகள் எந்தக் கிரேடு?" திருமண விருந்திலும் கோவில் வளாகத்திலும் பள்ளி நுழைவாயிலிலும் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இதுதான். "ஐந்து முடித்துவிட்டாள், அடுத்த ஆண்டு ஆறு" என்று பெருமையோடு விடை வருகிறது. "அவளுக்குப் பிடித்த உருப்படி எது? யார் வாசித்ததை விரும்பிக் கேட்கிறாள்?" என்று கேட்பாரைக் காணோம். கேட்டாலும், விடை தெரியாமல் விழிக்கும் வீடுகளே மிகுதி.

பியானோ கற்க வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. மாந்தன் செய்த இசைக்கருவிகளுள் வியக்கத்தக்க ஒன்றை நாம் சான்றிதழ் அச்சடிக்கும் பொறியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு. உலகம் போற்றும் பியானோ கலைஞர்களின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தால், அது நாம் போகும் வழிக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியங்கள் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

ஒலித்தவுடன் தேயும் ஒலி

முதலில் கருவியைப் பார்ப்போம். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், மெடிச்சி குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பேணி வந்த பார்த்தோலொமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர் 1700-ஆம் ஆண்டையொட்டிப் பியானோவை உருவாக்கினார். அதற்கு முன் புழங்கிய ஹார்ப்சிகார்டில் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலியளவு ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே கம்பி மீட்டப்பட்டது. கிறிஸ்டோஃபோரியோ சிறு சுத்திகளால் கம்பியைத் தட்டச் செய்தார். விரல் மெல்லத் தொட்டால் மெல்லொலி. வலிந்து தொட்டால் வல்லொலி. 'பியானோ' என்றால் இத்தாலிய மொழியில் 'மென்மையாக' என்று பொருள். மென்மையும் வன்மையும் விரலுக்குக் கட்டுப்படுகின்றன என்பதனால்தான் கருவிக்கே அந்தப் பெயர் வந்தது.

இன்றைய பியானோவில் 88 கட்டைகள். 200-க்கும் மேற்பட்ட கம்பிகள். இவற்றின் மொத்த இழுவிசையைத் தாங்க இரும்புச் சட்டம் வேண்டியிருக்கிறது. ஆயினும், இத்தனை வலிமை பொருந்திய கருவிக்கு ஒரு பெருங்குறை உண்டு. சுத்தி கம்பியைத் தட்டிய மறுகணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். பாடகர் ஓர் ஒலியை நீட்டி வளர்க்கலாம். நாதசுவரக் கலைஞர் அதை வளைக்கலாம், அசைக்கலாம். பியானோ கலைஞரால் முடியாது. தட்டிய ஒலி கையை விட்டுப் போனதுதான்.

அப்படியானால், சிறந்த கலைஞரின் கையில் பியானோ பாடுவதுபோல் நமக்குக் கேட்பது எப்படி? தேய்ந்துகொண்டிருக்கும் ஓர் ஒலியின் மேல் அடுத்த ஒலியை எந்த அளவில், எந்தக் கணத்தில் வைப்பது என்பதை அவருடைய செவி தீர்மானிக்கிறது. பத்து விரல்களுள் எது உரக்கப் பேச வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதையும் செவியே தீர்மானிக்கிறது. பியானோ இசையின் வற்றாத கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. நீட்ட முடியாத ஒலியைக்கொண்டு நீண்ட பாட்டைப் பாடிக் காட்டும் வித்தை அது. விரல் அந்த வித்தையின் வேலைக்காரன், எசமான் செவி.

ஷோபின் இதை நன்கு அறிந்திருந்தார். பியானோ வாசிக்கக் கற்க வேண்டுமானால் நல்ல பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று தம் மாணவர்களுக்கு அறிவுறுத்தினார். கனடாவின் கிளென் கூல்டுக்குத் தாயார்தாம் முதல் ஆசிரியர். வாசிப்பதை எல்லாம் வாய்விட்டுப் பாடவும் வேண்டும் என்று அவர் மகனைப் பழக்கினார். அந்தப் பழக்கம் கூல்டை இறுதிவரை விடவில்லை. அவருடைய ஒலிப்பதிவுகளில் பியானோவுக்குப் பின்னால் அவர் முணுமுணுத்துப் பாடுவது இன்றும் கேட்கிறது.

நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் தாம் வாசிக்கும் உருப்படியைப் பாடிக் காட்டுவார்கள்?

எட்டு ஆண்டுகள், இருபத்து நான்கு உருப்படிகள்

இப்போது ஒரு சிறு கணக்கு. நம் நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் எழுதும் பியானோ தேர்வு, 1889-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம். வாரியத்தினுடையது. முதல் கிரேடு முதல் எட்டாம் கிரேடு வரை எட்டுப் படிகள். தேர்வாளர் முன் நேரில் வாசிக்கும் தேர்வுக்கு மொத்தம் 150 புள்ளிகள். தேர்ச்சிக்கு 100, மேன்மைக்கு 120, சிறப்புத் தேர்ச்சிக்கு 130. இந்த 150-இல் 90 புள்ளிகள் மூன்று உருப்படிகளுக்கு உரியவை.

பாடத்திட்டத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ஒரு நாள், ஒரு தேர்வாளர், ஒரு மாணவரின் தரத்தை அளந்து பார்க்கும் அளவுகோல் அது. அளவுகோலையே உணவாக்கிப் பிள்ளைக்கு ஊட்டுவதைத்தான் கண்டிக்கிறேன். பல வீடுகளில் நடப்பது என்ன? ஆண்டு முழுதும் அந்த மூன்று உருப்படிகள்தாம். சனவரியில் தொடங்கி, தேர்வு நாள் வரை அதே மூன்று. தேர்வு முடிந்த மறுநாள் அடுத்த கிரேடின் புத்தகம் வந்துவிடும். பழைய மூன்றும் மறக்கப்படும். பள்ளிச் சட்டை சிறியதானால் தூக்கிப் போடுவதுபோல!

எட்டு ஆண்டுகளை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். இருபத்து நான்கு உருப்படிகள். ஷோபின் 1839-இல் வெளியிட்ட பிரிலூடுகளின் ஒரே தொகுப்பில் மட்டும் 24 உருப்படிகள் இருக்கின்றன. பாக் 1722-இல் தொகுத்த நூல் ஒன்றில் 24 இணைகள். பெத்தோவனின் சொனாட்டாக்கள் 32. ஒரு மெலிந்த நூலில் அடங்கும் அளவு இசையை எட்டு ஆண்டுகளாக மென்றுவிட்டு, "பியானோ முடித்துவிட்டான்" என்று சொல்கிறோம். திருக்குறளில் இருபத்து நான்கு குறளை மனனம் செய்த மாணவனைத் தமிழ் முடித்தவன் என்போமா? அவன் அந்த இருபத்து நான்கையும் மறந்துவிட்டான் என்றால் என்ன சொல்வோம்?

எட்டாம் கிரேடு சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்க, அதன் கீழே மூடியே கிடக்கும் பியானோவின் மேல் குடும்பப் படங்களும் நெகிழிப் பூச்சாடியும் அடுக்கப்பட்டிருக்கும் வீடுகள் நம் வட்டாரத்தில் எத்தனை! ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவழித்து நாம் வாங்கியது ஒரு மேசைதானா?

நடுவர்களே வெளியேறிய கதை

"புள்ளி என்பது திறமையின் அடையாளம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். உலகின் தலைசிறந்த செவிகளே புள்ளியைப் பற்றி ஒத்துப்போனதில்லை என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

1933-இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுப் பியானோ போட்டியில் ருமேனியாவின் தினு லிப்பாட்டிக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதற்பரிசு அவருக்கே உரியது என்று கருதிய ஆல்ஃபிரட் கோர்த்தோ, நடுவர் குழுவிலிருந்து விலகினார். இன்று இசை அன்பர்கள் லிப்பாட்டியின் ஒலிப்பதிவுகளைப் புதையல்போல் போற்றுகிறார்கள். அந்தப் போட்டியின் புள்ளிப் பட்டியலைத் தேடுவார் இல்லை.

1980-இல் வார்சாவில் நடந்த ஷோபின் போட்டியில் யுகோஸ்லாவியாவின் இவோ பொகொரேலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. அவர் ஒரு மேதை என்று சொல்லிவிட்டு நடுவர் பொறுப்பைத் துறந்து வெளியேறியவர் மார்த்தா அர்கெரிச். 1965-இல் அதே போட்டியில் முதற்பரிசு வென்றவர். அவ்வாண்டு வென்ற வியட்நாமியர் டாங் தாய் சோனும் எளிய கலைஞர் அல்லர். போர்க்காலத்தில் ஹனோய் இசைப்பள்ளி குண்டுவீச்சுக்கு அஞ்சி நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்த நாள்களில், தாயாரிடம் பியானோ பயின்று வளர்ந்தவர். அப்போட்டியில் வென்ற முதல் ஆசியர் அவரே. 2021-இல் அதே போட்டியில் வென்ற புரூஸ் லியூ, 2025-இல் வென்ற எரிக் லு ஆகிய இருவரும் அவரிடம் பயின்றவர்கள்.

ஆக, ஒரே போட்டியில் வென்றவரும் கலைஞர், வெளியேற்றப்பட்டவரும் கலைஞர். புள்ளி அவர்களை ஒரு நாள் பிரித்து வைத்தது, அவ்வளவே. கரைகண்ட நடுவர்களே எழுந்து வெளியே போகும் அளவுக்கு மாறுபடும் ஒரு துறையில், பன்னிரண்டு அகவைச் சிறுமி 128 வாங்கி வந்தாள், 130 வாங்கவில்லை என்று அவளிடம் மூன்று நாள் முகங்கொடுத்துப் பேசாமல் இருப்பது என்ன நியாயம்?

தப்புச் சுரமும் இரண்டு விடைகளும்

மேலே சொன்ன கோர்த்தோ இன்னொரு வகையிலும் நமக்கு ஆசான். அவருடைய ஒலிப்பதிவுகளில் தப்பிய சுரங்கள் தாராளமாகக் கேட்கும். அக்காலத்தில் ஒலிநாடா இல்லை. வெட்டி ஒட்டித் திருத்தும் வசதியும் இல்லை. ஆயினும் ஷோபினையும் ஷூமனையும் கற்க விரும்புவோர் இன்றும் கோர்த்தோவைத் தேடிக் கேட்கின்றனர். ஏன்? தப்பிய சுரங்களுக்கு நடுவிலும் பாட்டு தப்பவில்லை.

கூல்டின் கதை வேறு வகை. பாக்கின் 'கோல்ட்பெர்க்' மாற்றுருவங்களை 1955-இல் பதிவு செய்தார். ஏறத்தாழ 38 நிமிடம். அதே படைப்பை 1981-இல் மீண்டும் பதிவு செய்தார். ஏறத்தாழ 51 நிமிடம். சில பகுதிகளை மறுமுறை வாசித்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால், தொடக்கப் பாட்டைக் கேட்டாலே போதும். இளைஞனின் துள்ளல் அங்கே, ஐம்பதை நெருங்கியவரின் நிதானம் இங்கே. ஒரே கலைஞர், ஒரே படைப்பு, இரண்டு விடைகள். எது சரி?

நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். கூல்ட் தேர்வு எழுதாதவர் அல்லர். தொரொந்தோ இசைப்பள்ளியின் தேர்வுகளை இளம் அகவையிலேயே உயர்ந்த நிலையில் முடித்தவர். ஆகவே, தேர்வு எழுதினால் இசை செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தேர்வு அவருக்கு வழியில் எதிர்ப்பட்ட ஒரு மைல்கல். நம் பிள்ளைகளுக்கோ அதுவே ஊர் என்று காட்டியிருக்கிறோம்.

அடித்து வளர்த்த மேதைகள்

அடுத்து, நம்மவர் அடிக்கடி எடுத்து வீசும் வாதம்: "கண்டிப்பு இல்லாமல் மேதை உண்டா? பெரிய கலைஞர்களின் பெற்றோர் எல்லாரும் கண்டிப்பானவர்களே!"

உண்மைதான், சிலர் அவ்வாறு இருந்தனர். பெத்தோவனின் தந்தை 1778-இல் மகனைக் கொலோன் நகரில் மேடையேற்றியபோது ஏழு அகவைப் பையனுக்கு ஆறு அகவை என்றே விளம்பரம் செய்தார். பிள்ளையின் அகவையைக் குறைத்து வியப்பைக் கூட்டும் வணிகம் அன்றே இருந்திருக்கிறது.

அமெரிக்காவின் ரூத் ஸ்லென்சின்ஸ்கா 1925-இல் பிறந்தவர். ஆறு அகவையில் பெர்லினில் மேடையேறினார். ரக்மானினோவிடம் பயின்றார். உலகம் 'அற்புதக் குழந்தை' என்று கொண்டாடியது. 1957-இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அந்த அற்புதத்தின் மறுபக்கம் இருக்கிறது: நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரப் பயிற்சி, தப்பினால் தந்தையின் அடி. பதினைந்து அகவையில் அவர் மேடையை விட்டே விலகினார். பின்னர்த் தம் விருப்பத்தால் மீண்டு வந்தார், பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், 2022-இல், 97 அகவையில், புதிய இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அடி அவரைப் பியானோவிலிருந்து விரட்டியது. அவரைத் திரும்ப அழைத்து வந்தது இசை. இந்த வரிசையை மாற்றிச் சொல்லி, அடியால்தான் அவர் ஆளானார் என்பது அறமன்று.

சீனாவின் லாங் லாங் 2008-இல் வெளியான தம் தன்வரலாற்றில், ஒன்பது அகவையில் பியானோ ஆசிரியர் ஒருவர் தம்மைக் கைவிட்ட நாளில், தந்தை சினத்தின் உச்சியில் தம்மைச் செத்துப்போகச் சொன்னதாக எழுதியிருக்கிறார். அதன்பின் சில மாதங்கள் அவர் பியானோவைத் தொட மறுத்தார். "ஆனாலும் அவர் உலகப்புகழ் பெற்றுவிட்டாரே!" என்கிறீர்களா? மேடையில் தெரிபவர் ஒருவர். அதே வகைக் கண்டிப்பில் உடைந்து, மேடைக்கு வராமலே போன பிள்ளைகள் தன்வரலாறு எழுதுவதில்லை. கரையேறியவனை மட்டும் எண்ணிவிட்டு, ஆற்றில் ஆழமில்லை என்று சொல்லலாமா?

இதற்கு நேரெதிரான சாட்சி ஷோபின். மாணவி ஒருவர் நாள்தோறும் ஆறு மணி நேரம் பயிற்சி செய்வதாகச் சொன்னபோது அவர் சினந்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று தடுத்தார். பியானோவுக்காகவே வாழ்ந்தவர் விதித்த வரம்பு இது! நாமோ பள்ளி, பிரத்தியேக வகுப்பு, சமய வகுப்பு எல்லாம் முடிந்து இரவு ஒன்பது மணிக்குக் களைத்து வரும் பிள்ளையை, "உட்கார், சுர வரிசையை ஐம்பது முறை வாசி" என்கிறோம். செவி உறங்கிவிட்ட பிறகு விரலை ஓட்டுவதால் என்ன பயன்?

யாருக்காக வாசிப்பது?

பியானோ வாசிப்பது யாருக்காக என்பதே அடிப்படைக் கேள்வி. தேர்வாளருக்காகவா?

1939-இல் போர் மூண்டபோது இலண்டனில் இசையரங்குகள் மூடப்பட்டன. தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. சுவர்கள் வெறுமையாக நின்றன. அந்த வெற்றுக் கூடத்தில் நண்பகல் இசைநிகழ்ச்சிகளைத் தொடங்கியவர் பியானோ கலைஞர் மைரா ஹெஸ். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். 1939 அக்டோபர் முதல் 1946 ஏப்ரல் வரை, குண்டுவீச்சு நாள்களில் நிலவறைக்கு மாறியும்கூட, 1,698 நிகழ்ச்சிகள் நடந்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட்டனர். உயிருக்கே உறுதியில்லாத நகரத்தில் மக்கள் இசைக்கு வரிசையில் நின்றனர். அவர்களுள் யாரும் ஹெஸ் அம்மையார் எந்தக் கிரேடு என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

லிப்பாட்டியின் இறுதிக் கச்சேரி 1950 செப்டம்பர் 16-ஆம் நாள் பிரான்சின் பெசான்சோன் நகரில் நடந்தது. நோய் முற்றிய நிலையில் மேடையேறி ஷோபினின் வால்ட்ஸுகளை வாசித்தார். கடைசியாக எஞ்சிய ஒன்றை வாசிக்க உடலில் வலுவில்லை. அதை விடுத்து, பாக்கின் வழிபாட்டுப் பாடல் ஒன்றை வாசித்து முடித்தார். அதைப் பியானோவுக்கு ஏற்ப அமைத்தவர் அதே மைரா ஹெஸ். அவ்வாண்டு டிசம்பரில், 33 அகவையில், லிப்பாட்டி மறைந்தார். தேர்வு விதிப்படி பார்த்தால், அறிவித்த உருப்படியை முடிக்காதவர். கேட்டவர்களுக்கோ அது வாழ்நாள் முழுதும் மறக்க முடியாத மாலை.

இன்னொருவர் ரிக்டர். சோவியத் நாட்டின் இந்தப் பெருங்கலைஞர் பெரும்பாலும் தாமே கற்றவர். தந்தையார் தொடக்கப் பாடம் சொன்னார். பிறகு ஓபரா இசைநூல்களைத் தாமே வாசித்துத் தேறினார். ஒடெசா நகர ஓபரா அரங்கில் துணை வாசிப்பாளராக வேலை பார்த்தார். 1937-இல், 22 அகவையில்தான் மாஸ்கோ இசைப்பள்ளியில் நெய்ஹாவுஸிடம் போய்ச் சேர்ந்தார். புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தம்மிடம் ஏறக்குறைய எதுவும் இல்லை என்றே அந்த ஆசிரியர் கருதினார். உலகப் புகழ் அடைந்த பிறகு, 1986-இல், எழுபதைக் கடந்த அகவையில், சைபீரியா வழியாக நெடும்பயணம் புறப்பட்டு, ஆறு மாதங்களில் ஏறத்தாழ 150 கச்சேரிகள் செய்தார். அவற்றுள் பல, நல்ல அரங்கே இல்லாத சிற்றூர்களில் நடந்தன. முதுமையில் அவர் அரங்கை இருட்டாக்கி, இசைக்குறிப்பின் மேல் ஒற்றை விளக்கை மட்டும் எரியவிட்டு வாசித்தார். பார்வையாளர் தம்மைப் பார்க்காமல் இசையைக் கேட்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். நம் ஆண்டு விழா மேடைகளையும், முன்வரிசையில் உயரும் கைப்பேசிகளையும் எண்ணிப் பாருங்கள்.

எதிர்வாதங்களுக்கு விடை

"தேர்வு இல்லாவிட்டால் பிள்ளை பியானோ பக்கமே போகாது" என்பர். அப்படியானால் பிள்ளைக்குப் பிடிக்காத ஒன்றை நாம் தேர்வைக் காட்டி இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். தேர்வு முடிந்த நாளில் கயிறு அறுந்துவிடும். எட்டாம் கிரேடுக்குப் பிறகு மூடிய பியானோக்கள் மீண்டும் திறக்கப்படாத காரணம் இதுவே.

"கட்டணம் கட்டுகிறோம், பலனைக் கண்ணால் பார்க்க வேண்டாமா?" என்பர். நியாயமான கேள்வி. மாதந்தோறும் வயிற்றைக் கட்டிக் கட்டணம் செலுத்தும் பெற்றோரை நான் இகழமாட்டேன். ஆனால், பலனைக் காதால் கேட்க வேண்டும். வீட்டுக்கு விருந்தினர் வந்தால், பிள்ளை புத்தகம் இல்லாமல் ஏதேனும் ஒன்றை மகிழ்ச்சியோடு வாசிக்கிறதா? யாரும் சொல்லாமல் தானே போய் உட்காருகிறதா? தொலைக்காட்சியில் கேட்ட மெட்டைத் தேடிப் பிடித்து வாசிக்கிறதா? இவைதாம் பலன்.

"சான்றிதழ் இருந்தால் பின்னாளில் பியானோ கற்பித்துப் பிழைக்கலாமே?" என்பர். பிழைக்கலாம். ஆனால், இசையை விரும்பாத ஒருவர் கற்பிக்கும்போது அவரிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போவது என்ன? மூன்று உருப்படிகளும் ஒரு பிரம்பும்தான்.

"பியானோ மேலை நாட்டார் கருவி, நம் பிள்ளை வீணையோ மிருதங்கமோ பயிலட்டும்" என்று சொல்லும் அன்பர்களும் உளர். பயிலட்டும், மகிழ்ச்சியே. ஆனால், இந்த நோய் கருவியைப் பார்த்து வருவதன்று. அரங்கேற்றத் தேதியை முதலில் குறித்துவிட்டுப் பிறகு பாடத்தைத் தொடங்கும் வீடுகளிலும் இதே நோய்தான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு ஓடுவது ஆசிரியருக்கு அழகன்று. எனவே, சில பரிந்துரைகள்:

1. கேட்பதே முதற்பாடமாகட்டும். நாள்தோறும் பதினைந்து நிமிடம், வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல ஒலிப்பதிவைக் கேளுங்கள். லிப்பாட்டி, ரிக்டர், அர்கெரிச் ஆகியோரின் பதிவுகள் இன்று இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன. ஒரே உருப்படியை இருவர் வாசிக்கக் கேட்டு, "எது உனக்குப் பிடித்தது? ஏன்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

2. பாடிய பிறகே வாசிக்கட்டும். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. மெட்டு செவியில் ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி.

3. தேர்வுக்குரிய ஓர் உருப்படிக்குத் தேர்வில் இல்லாத ஓர் உருப்படி என்று கணக்கு வையுங்கள். அது பழைய திரைப்பாடலாகவும் இருக்கலாம், நாட்டுப்பாடலாகவும் இருக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கே.

4. ஆண்டுக்கு ஒரு கிரேடு என்பது சட்டமன்று. ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடையே ஓராண்டு விட்டு, அந்த ஆண்டை வாசிப்பின்பத்துக்கு ஒதுக்குங்கள். பியானோ ஆசிரியரிடம் இதைத் துணிந்து பேசுங்கள். தேர்வை வற்புறுத்துவது பல நேரங்களில் பெற்றோரே தவிர ஆசிரியர் அல்லர்.

5. ஆசிரியத் தோழர்களே! நம் பள்ளிகளில் இருக்கும் மின்னியல் இசைப்பலகையின் உறையைக் கழற்றுங்கள். காலைக் கூடலில் தமிழ் வாழ்த்துக்கும் பள்ளிப் பாடலுக்கும் ஒலிநாடாவை ஓட விடாமல், பியானோ பயிலும் மாணவரை வாசிக்கச் சொல்லுங்கள். முந்நூறு பிள்ளைகள் தம் வாசிப்போடு சேர்ந்து பாடுவதைக் கேட்ட மாணவருக்கு, இசை யாருக்காக என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

6. கேள்வியை மாற்றுங்கள். "எந்தக் கிரேடு?" என்று கேட்கும் வாய், "இப்போது என்ன வாசிக்கிறாய்? எனக்கு வாசித்துக் காட்டுவாயா?" என்று கேட்கட்டும். செலவில்லாத மாற்றம் இது, நாளைக்கே தொடங்கலாம்.

அன்பர்களே, நம் பிள்ளைகளுள் ஆயிரத்தில் ஒருவர்கூட உலக மேடை ஏறாமல் போகலாம். அதனால் ஒரு குறையும் இல்லை. நாற்பது அகவையில், வேலைக் களைப்போடு வீடு திரும்பிய ஒரு மாலையில், மூடியைத் திறந்து அரை மணி நேரம் தனக்காக வாசித்துத் தேறுதல் பெறும் ஒரு மாந்தரை நாம் உருவாக்கினால், கட்டிய கட்டணத்தின் ஒவ்வொரு ரிங்கிட்டும் பொருளுள்ள செலவே. அந்த மாலையில் அவருக்குச் சுவரில் தொங்கும் சான்றிதழ் துணைக்கு வராது. சிறுவயதில் செவியில் விழுந்த இசைதான் வரும்.

சான்றிதழுக்குச் சட்டம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் பியானோவின் மேல் இருக்கும் பூச்சாடியை எடுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!